மின்வேதி வரிசையில் முதலிடம் லித்தியத்துக்கு. தண்ணீரில் மட்டும் அது அமைதியாக இருப்பது ஏன்?

#1 வெண்ணாறு

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். இப்போது கார உலோகங்கள் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. தொகுதியில் கீழே போகப் போக அணு பெரிதாகிறது, வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரான் மேல் அணுக்கருவின் பிடி தளர்கிறது, அதனால் வினைத்திறன் கூடுகிறது என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறோம். லித்தியம் தண்ணீரில் மெதுவாகக் குமிழி விடும், சோடியம் உருண்டையாகி ஓடும், பொட்டாசியம் தீப்பிடிக்கும், ருபீடியமும் சீசியமும் வெடிக்கும். மாணவர்களும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

போன வாரம் ஒரு மாணவி மின்வேதி வரிசை அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினாள். லித்தியம் மைனஸ் 3.04 வோல்ட், பொட்டாசியம் மைனஸ் 2.93, சோடியம் மைனஸ் 2.71. "இதன்படி எலக்ட்ரானைக் கொடுக்க ரொம்பத் துடிப்பது லித்தியம், கடைசி சோடியம். அப்படியானால் தண்ணீரில் ஏன் தலைகீழாக நடக்கிறது?" என்று கேட்டாள்.

கைடில் ஒரு வரி பதில் இருக்கிறது: லித்தியம் அயனி சிறியது, நீரேற்ற ஆற்றல் அதிகம். அது அட்டவணைக்குப் பதில். தண்ணீரில் கண்ணால் பார்ப்பதற்குப் பதில் இல்லை. ஒரு பாடத்தில் ஒன்று, அடுத்த பாடத்தில் அதற்கு எதிரானது என்று இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும்படி யாராவது விளக்க முடியுமா?

அப்புறம், சோடியத்தை வகுப்பில் செய்து காட்டலாம் என்றிருக்கிறேன். கை பழகியவர்கள் சொல்லுங்கள்.

#2 குடந்தை_வேதியியல்

நல்ல கேள்வி கேட்ட மாணவி. முதலில் அட்டவணையை முடித்துவிடுவோம்.

திட உலோகம் தண்ணீருக்குள் அயனியாகப் போவதை மூன்று படியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். உலோகத்திலிருந்து ஓர் அணுவைத் தனியே பிரிக்க ஆற்றல் செலவு. அந்த அணுவிலிருந்து எலக்ட்ரானை நீக்க இன்னொரு செலவு. பிறகு அந்த அயனியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழும்போது வரவு. தோராயமான மதிப்புகள், மோலுக்கு (எல்லா உலோகத்துக்கும் ஒரே எண்ணிக்கை அணுக்கள்) கிலோ ஜூல் கணக்கில்:

லித்தியம்: 159 செலவு, 520 செலவு, 520 வரவு. நிகரச் செலவு 159.
சோடியம்: 107 செலவு, 496 செலவு, 406 வரவு. நிகரச் செலவு 197.
சீசியம்: 76 செலவு, 376 செலவு, சுமார் 265 வரவு. நிகரச் செலவு 187.

எலக்ட்ரானை நீக்கும் படியை மட்டும் பார்த்தால் சீசியம்தான் மிகச் சுலபம். அதைத்தான் தொகுதிப் பாடத்தில் சொல்கிறோம், அது சரியும்கூட. ஆனால் மொத்தக் கணக்கில் லித்தியம் ஜெயிக்கிறது. அயனி மிகச் சிறியது என்பதால் தண்ணீரை அவ்வளவு வலுவாக இழுத்துக்கொள்கிறது. சோடியம் நடுவில் மாட்டிக்கொண்டு கடைசிக்குப் போகிறது.

இது வெப்பக் கணக்கு மட்டும். என்ட்ரோபியையும் (ஒழுங்கின்மையின் அளவு) சேர்த்தால் லித்தியத்துக்கும் சீசியத்துக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடும். சிறிய லித்தியம் அயனி சுற்றியுள்ள தண்ணீரை இறுக்கி ஒழுங்குபடுத்திவிடுவதால் அங்கே கொஞ்சம் இழக்கிறது. அட்டவணையில் சீசியமும் மைனஸ் 3.03 வாக்கில் லித்தியத்தை ஒட்டியே இருப்பதைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு இது தேவையில்லை. ஆர்வமுள்ள பிள்ளை கேட்டால் சொல்லலாம்.

#3 மன்னை_மாணவி

சார், நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. கணக்கு புரிகிறது. ஆனால் வெண்ணாறு சார் கேட்டதில் பாதி அப்படியே நிற்கிறது. லித்தியத்துக்கு அவ்வளவு சாதகம் என்றால் தண்ணீரில் அதுதானே சீறிப் பாய வேண்டும்?

#4 குடந்தை_வேதியியல்

//லித்தியத்துக்கு அவ்வளவு சாதகம் என்றால் தண்ணீரில் அதுதானே சீறிப் பாய வேண்டும்?//

இங்கேதான் பாடநூலின் அந்த ஒற்றை வரி நம்மைக் குழப்புகிறது. வினைத்திறன் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகளை அடைத்துவிட்டோம். எவ்வளவு ஆற்றல் வரும் என்பது ஒன்று, எவ்வளவு வேகத்தில் வரும் என்பது இன்னொன்று. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதும், மதகை எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பதும் வேறு வேறு என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அட்டவணை சொல்வது நீர்மட்டத்தை. தொட்டியில் நாம் பார்ப்பது மதகை.

ஆற்றலையே பாருங்கள். ஒரு மோல் உலோகம் தண்ணீருடன் வினைபுரிந்தால் வரும் வெப்பம் லித்தியத்துக்குச் சுமார் 222 கிலோ ஜூல், சோடியத்துக்கு 184, பொட்டாசியத்துக்கு 196, சீசியத்துக்கு 203 வாக்கில். பெரிய வித்தியாசமே இல்லை, அதிலும் லித்தியம்தான் முன்னால். கிராம் கணக்குக்கு மாற்றினால் இன்னும் வியப்பு. ஒரு கிராம் லித்தியம் 32 கிலோ ஜூல் தரும். சோடியம் 8, பொட்டாசியம் 5, சீசியம் வெறும் ஒன்றரை. சீசியம் கண்ணாடித் தொட்டியை உடைப்பது தன்னிடம் அதிகம் இருப்பதால் அல்ல. இருப்பதை ஒரே நொடிக்குள் கொட்டிவிடுகிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது? ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எலக்ட்ரானை விடும் படி கீழே போகப் போகச் சுலபமாகிறது. இரண்டாவது காரணத்தை வகுப்பில் யாரும் சொல்வதில்லை. உருகுநிலை. லித்தியம் 180 டிகிரியில் உருகும், சோடியம் 98, பொட்டாசியம் 63, ருபீடியம் 39, சீசியம் 28.5. தண்ணீரில் விழுந்த லித்தியத்தின் வெப்பத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்கிறது. அது உருகவே இல்லை, திடமாக அதே பரப்போடு மேலே மிதந்து கரைகிறது. சோடியம் தன் வெப்பத்திலேயே உருகிப் பளபளவென்று உருண்டையாகிவிடும். திரவமானதும் பரப்பு புதுப்பித்துக்கொண்டே இருக்கும், வெப்பம் கூடும், வேகம் கூடும், அதனால் மறுபடி வெப்பம். சீசியத்தைச் சீல் வைத்த கண்ணாடிக் குப்பியில் தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் வைத்தால் தண்ணீரே இல்லாமல் உருகி நிற்கும்.

அடர்த்தியும் உண்டு. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் தண்ணீரில் மிதக்கும். ஹைட்ரஜன் மேலே காற்றில் போய்விடுகிறது. ருபீடியமும் சீசியமும் மூழ்கும். வாயு தண்ணீருக்கு அடியில் பிறந்து எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. தொட்டி உடைய அதுவும் காரணம்.

#5 மன்னை_மாணவி

இப்போது தெளிவாகிறது சார். எங்கள் செமஸ்டர் கேள்வித்தாளில் இதைக் கேட்டால் அயனியாக்கும் ஆற்றல் என்று ஒரு வரி எழுதினால் மதிப்பெண் போட்டுவிடுவார்கள். ஆனால் கிராம் கணக்கை எழுதாமல் இனி இருக்க மாட்டேன்.

#6 ஆய்வகம்_ஓய்வு

வெண்ணாறு சாருக்கு. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கரிமச் சேர்மங்களில் என்னென்ன தனிமங்கள் என்று பார்க்கும் லாசிகன் சோதனைக்குச் சோடியம் வெட்டிக் கொடுப்பதே பல வருஷம் என் வேலை. பாடம் நடத்தத் தெரியாது, பொருள் தெரியும்.

பாட்டிலில் மண்ணெண்ணெய் சோடியத்தை முழுக்க மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்துக் காற்றில் ஈரம் ஜாஸ்தி. மேலே தூக்கி நிற்கும் துண்டின் மேல் வெள்ளையாகத் தடித்த தோல் கட்டும், அது ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும். இடுக்கியால் எடுத்து வடிதாளில் ஒற்றி, உலர்ந்த பீங்கான் ஓட்டின் மேல் வைத்து, கத்தியால் தோலைச் சீவுங்கள். உள்ளே வெள்ளியாக மின்னும் பரப்பு தெரியும். பிள்ளைகளை அப்போதே கிட்டே கூப்பிட்டுக் காட்டுங்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப் போகும். காற்றோடு நடக்கும் வினையை அவர்கள் பார்ப்பது அந்தச் சில விநாடிகளில்தான். தண்ணீரில் போடுவதைவிட இது முக்கியம் என்று எனக்குத் தோன்றும்.

அளவு அரிசி மணிக்கு மேல் வேண்டாம். அகலமான தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர், இரண்டு சொட்டு பினாப்தலீன். ஓடுகிற வழியெல்லாம் இளஞ்சிவப்புக் கோடு விழும், ஹைட்ராக்சைடு உண்டாவதற்கு அதுவே சாட்சி. முன்னால் கண்ணாடித் தடுப்பு, உங்களுக்குக் கண்ணாடி, பிள்ளைகள் இரண்டு பெஞ்சு தள்ளி. வாய் குறுகிய பாத்திரத்தில் செய்யவே கூடாது, ஹைட்ரஜன் உள்ளேயே தங்கி ஒரே நேரத்தில் பற்றும். உருண்டை ஓடி முடிந்துவிட்டது என்று உடனே குனிந்து பார்க்கவும் கூடாது. கடைசியில் அது பட்டென்று தெறிக்கும். சூடான காரம் கண்ணில் பட்டால் பார்வை போகும்.

வியர்த்த கையால் தொடாதீர்கள். மே மாதம் ஆய்வகத்தில் விசிறி கூட ஓடாத நேரத்தில் வெட்ட வேண்டாம்.

மிச்சத் துண்டுகளைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு கல்லூரியில் மாணவர்கள் சோடியத் துணுக்கு ஒட்டிய வடிதாளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் தரை துடைத்த அம்மா ஈரத் துணியை அதே கூடையில் பிழிந்து போட, கூடை பற்றி எரிந்தது. மண்ணெண்ணெய் ஊறிய தாள் அல்லவா. அந்த அம்மாவுக்குக் கையில் சுட்டுவிட்டது. வடிதாள், கத்தி, ஓடு எல்லாவற்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போடுங்கள். அதிலும் ஹைட்ரஜன் வரும், ஆனால் நிதானமாக வரும். பக்கத்தில் அடுப்பு, பர்னர் இருக்கக் கூடாது. குமிழி முழுக்க நின்ற பிறகுதான் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

ஒரு வாளி உலர்ந்த மணல் அருகில் இருக்கட்டும். ஆற்று மணல் என்றால் வெயிலில் நன்றாகக் காயவைத்தது. சோடியம் எரிந்தால் தண்ணீரும் கூடாது, சுவரில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கூடாது. எரியும் சோடியம் அந்த வாயுவோடும் வினைபுரியும்.

#7 உப்பளம்_வேதை

நான் வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் கணக்குப் பார்க்கிறேன், பத்தாம் வகுப்புக்கு மேல் அறிவியல் இல்லை. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய மண். எங்களிடம் குவித்து வைத்திருப்பதில் எடைக்கு ஐந்தில் இரண்டு பங்கு சோடியம் என்கிறார்கள். மழையில் நனைந்தால் கரைந்து போகிறதே தவிர ஒரு பொறி கூட வருவதில்லை. அந்தச் சோடியம் வேறு, இந்தச் சோடியம் வேறா?

#8 வெண்ணாறு

அண்ணே, இதை என் வகுப்பிலும் வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் பயந்து பயந்து கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான்.

அணு அதேதான். உலோகச் சோடியத்தில் இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கும் ஓர் எலக்ட்ரான் இருக்கிறது, ஆபத்தெல்லாம் அதில். உப்பில் இருப்பது அந்த எலக்ட்ரானை எப்போதோ குளோரினிடம் கொடுத்துவிட்ட சோடிய அயனி. நியானைப் போன்ற எலக்ட்ரான் அமைப்பு அதற்கு வந்துவிட்டது. தண்ணீருக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் இயற்கையில் எங்கேயும் சோடியம் உலோகமாகக் கிடைப்பதே இல்லை.

திரும்ப உலோகமாக்க வேண்டுமானால் அந்த எலக்ட்ரானை வலுக்கட்டாயமாகத் திணிக்க வேண்டும். ஹம்ஃப்ரி டேவி 1807இல் உருகிய பொட்டாஷிலும் காஸ்டிக் சோடாவிலும் மின்சாரம் செலுத்தி முதலில் பொட்டாசியத்தையும், சில நாளில் சோடியத்தையும் பிரித்தார். இன்று உங்கள் உப்பையே உருக்கித்தான் எடுக்கிறார்கள். உப்பு தனியாக 801 டிகிரியில் உருகும், கால்சியம் குளோரைடு கலந்து 600 டிகிரி அளவில் உருக்கி மின்சாரம் செலுத்துவார்கள். டவுன்ஸ் முறை என்று பாடத்தில் வரும். அங்கே செலவழித்த மின்சாரம்தான் தொட்டியில் வெப்பமாகத் திரும்பி வருகிறது.

#9 கடைமடை_விவசாயி

பேச்சு உப்புக்கு வந்ததால் கேட்கிறேன். எங்கள் வயல் வேளாங்கண்ணிக்குத் தெற்கே. 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய நிலம். அதை மழை கழுவிவிட்டது. ஆனால் உள்ளே இன்னொரு துண்டு நிலம் போர்வெல் தண்ணீர் பாய்ச்சியே களராகிக் கிடக்கிறது. மண்பரிசோதனையில் சோடியம் அதிகம் என்று எழுதி ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். வினைபுரியாத சோடியம் என்றால் பயிரை ஏன் கெடுக்கிறது?

#10 ஆடுதுறை_அக்ரி

ஐயா, சோடிய அயனி தண்ணீரோடு வினைபுரியாதே தவிர மண்ணோடு அதற்கு வேலை உண்டு. களிமண் துகள்கள் எதிர்மின் சுமை கொண்டவை. கால்சியம் இரட்டை நேர்மின் சுமையோடு அவற்றைச் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்தால், ஒற்றைச் சுமை, அதுவும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு பருத்த அயனி, பிடிப்பு விட்டுத் துகள்கள் சிதறிவிடும். மண்ணில் இருக்கும் கண் அடைந்து தண்ணீர் இறங்காது, காய்ந்தால் கெட்டியாகும். போர் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் இருந்தால் கார அமிலநிலை (pH) 8.5க்கு மேல் போய்விடும்.

கடல்நீர் ஏறியது உவர் நிலம். அங்கே உப்பு கரைந்து நிற்கும், நல்ல தண்ணீர் விட்டு வடித்தாலே பெரும்பாலும் போய்விடும். களரில் சோடியம் களிமண்ணில் ஒட்டியிருக்கிறது, வெறும் தண்ணீருக்கு அசையாது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட், அதன் கால்சியம் போய் அதை இடம்பெயர்க்கும், சோடியம் சல்பேட்டாக மாறிக் கரையும். ஆனால் வடிகால் வெட்டித் தண்ணீரை நிலத்தைவிட்டு வெளியேற்றாவிட்டால் போட்ட ஜிப்சம் வீண். அதற்கப்புறம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, திருச்சி 3 போலக் களர் தாங்கும் ரகத்தை நடுங்கள். எத்தனை மூட்டை ஜிப்சம் என்பதை மண்பரிசோதனை அட்டையை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

#11 மாயவரம்_மெக்கானிக்கல்

இவ்வளவு ஆபத்தான உலோகத்தைக் கல்பாக்கத்தில் டன் கணக்கில் குழாயில் ஓட்டுகிறார்கள். 1985 முதல் இயங்கும் சிறிய வேக ஈனுலையிலும் (வேகமான நியூட்ரான்களால் இயங்கும் அணு உலை), அடுத்து கட்டிய 500 மெகாவாட் உலையிலும் உலையின் சூட்டை எடுத்துச் செல்வது திரவச் சோடியம்தான். 98 டிகிரியில் உருகி 883 டிகிரி வரை கொதிக்காது. 500 டிகிரிக்கு மேல் போனாலும் தண்ணீர் உலைபோல் பெரும் அழுத்தம் தேவையில்லை. வெப்பத்தை நன்றாகக் கடத்தும், நியூட்ரான்களின் வேகத்தையும் அதிகம் குறைக்காது.

ஆனால் அங்கே எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும் இடம் நீராவி ஆக்கி. ஒரு குழாய்ச் சுவருக்கு ஒரு பக்கம் சோடியம், மறுபக்கம் தண்ணீர். மயிரிழை விரிசல் விட்டாலும் இந்த இழையில் பேசும் அதே வினை. உண்டாகும் ஹைட்ரஜன் சோடியத்தில் கரைகிறதா என்று உணரிகள் இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். சோடியத்தின் மேல் காற்று படாமல் ஆர்கான் வாயு நிரப்பியிருப்பார்கள். ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து எரிந்ததில் பல ஆண்டுகள் உலையை மூடி வைத்திருந்தார்கள்.

#12 மன்னை_மாணவி

குடந்தை சார், இன்னொன்று. ஹைட்ரஜன் வாயு உலோகத்தைச் சுற்றிப் படலமாக நின்றால் தண்ணீர் தள்ளிப்போய் வினை குறையத்தானே வேண்டும்? அப்புறம் எப்படி வெடிக்கிறது?

#13 குடந்தை_வேதியியல்

இந்தச் சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கே இருந்தது. செக் நாட்டுப் பிராக் நகரில் பாவெல் யுங்விர்த் குழுவினர் 2015இல் பதில் சொன்னார்கள். அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் சோடியம், பொட்டாசியம் கலவைச் சொட்டைத் தண்ணீரில் விட்டு அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். தண்ணீரைத் தொட்டு ஒரு மில்லி விநாடி ஆவதற்குள்ளேயே சொட்டிலிருந்து முட்கள் முட்களாக உலோகம் நீண்டது.

எலக்ட்ரான்கள் கணத்தில் தண்ணீருக்குள் பாய்ந்துவிடுகின்றன. மிஞ்சிய பரப்பு முழுக்க நேர்மின் அயனிகள். ஒன்றையொன்று தள்ளி உலோகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்கின்றன. அதனால் புதிய பரப்பு தண்ணீரோடு மோதிக்கொண்டே இருக்கிறது, வாயுப் படலம் காக்க நேரமே கிடைப்பதில்லை. ஹைட்ரஜன் தீப்பிடிப்பது அதற்கு அப்புறம்தான். இருநூறு ஆண்டுகளாக வகுப்பில் செய்து காட்டிய ஒரு வினையின் முதல் மில்லி விநாடி நம் காலத்தில்தான் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள் வெண்ணாறு சார்.

#14 கடைமடை_விவசாயி

மகன் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறான். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. இதே காரணமா?

#15 குடந்தை_வேதியியல்

இல்லை ஐயா. லித்தியம் அயனி பேட்டரியில் லித்தியம் பெரும்பாலும் அயனியாக இருக்கிறது, உலோகத் துண்டாக அல்ல. முக்கியமாக எரிவது உள்ளே இருக்கும் கரிமக் கரைப்பான். தீயணைப்புத் துறையினர் நிறையத் தண்ணீர் பாய்ச்சித்தான் அதைக் குளிர்விக்கிறார்கள். ஆனால் வீட்டில் நீங்கள் அணைக்க முயல வேண்டாம், புகை விஷம், அணைந்த பிறகும் மறுபடி பற்றும். வெளியே வந்து 101 கூப்பிடுங்கள். இரவில் படுக்கை அறையிலும் வாசற்படியை மறித்தும் சார்ஜ் போடாதீர்கள்.

#16 வெண்ணாறு

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை சோடியம் காட்டுகிறேன், கிராம் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லப் போகிறேன்.

ஆய்வகம் ஐயாவுக்கு ஒரு கேள்வி. அலமாரியைத் துழாவியபோது பின்னால் பொட்டாசியம் என்று எழுதிய பழைய பாட்டில் ஒன்று இருந்தது. மண்ணெண்ணெய் பாதி வற்றியிருக்கிறது, துண்டுகள் மேல் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. தோலைச் சீவிவிட்டு அதையும் காட்டலாமா?

#17 ஆய்வகம்_ஓய்வு

சார், அதைத் திறக்கவே திறக்காதீர்கள். குலுக்கவும் வேண்டாம். சோடியத்தின் வெள்ளைத் தோல் வேறு, இது வேறு. பொட்டாசியம் காற்றில் நாள்பட்டால் சூப்பர் ஆக்சைடு ஆகும், அதுதான் அந்த மஞ்சள். கத்தி வைத்து அழுத்தினால் அது உள்ளே இருக்கும் உலோகத்தோடும் மண்ணெண்ணெயோடும் சேர்ந்து வெடிக்கும். பழைய பொட்டாசியத்தை வெட்டும்போது கையில் வெடித்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு.

பாட்டில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அந்த அலமாரிக்குக் கீழே தண்ணீர் வாளி, பக்கத்தில் ஆல்கஹால் எதுவும் வேண்டாம். பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொண்டு, தொடக் கூடாது என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தாகக் கொடுத்து, தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். இதை அப்புறப்படுத்தப் பயிற்சி உள்ளவர்கள் வந்துதான் எடுக்க வேண்டும்.

#18 வெண்ணாறு

அலமாரியைப் பூட்டிவிட்டேன் ஐயா. தலைமை ஆசிரியருக்கு இன்றே கடிதம் கொடுக்கிறேன். பக்கத்துப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்கள் குழுவிலும் உங்கள் பதிலை அப்படியே போடுகிறேன், பழைய அலமாரிகள் அங்கேயும் இருக்கும்.